செடிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்குத் தாவர ஹார்மோனோடு என்ன வேலை என்று என் வகுப்பில் கண்டிப்பாகக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்போடு நான் கும்பிடு போட்டுவிட்டு வந்த பாடம் அது. ஆனால் இரண்டு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். (கம்பெனி சட்டம் புத்தகம் இன்னும் புது வாசனையோடு இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம்.)

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நாம் வகுப்பில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளும் வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு செடியும் நிமிடத்துக்கு நிமிடம் போட்டுக்கொண்டிருக்கிறது. எவ்வளவு வளரலாம், எப்போது நிறுத்தலாம், எதைக் கைவிடலாம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மூளை கிடையாது, நரம்பு கிடையாது. கொஞ்சம் வேதிப்பொருள்கள்தான் கணக்குப்பிள்ளை.

இதில் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் எங்கள் ஊர். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. சித்தப்பா மட்டும்தான் நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதாவது, என் காலேஜ் ஃபீஸ் தோலில் இருந்து வருகிறது. எங்கள் நிலம் கெட்டதும் தோலால்தான். இரண்டு பக்கமும் நம் வீடே இருக்கும்போது யாரைத் திட்டுவது?

உப்பு வந்த வழி

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கமாக ஒரு கோடு போட்டால் அதுதான் எங்கள் தோல் பூமி. 2019 வரை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று. மாவட்டம் பிரிந்துவிட்டது, நிலத்தடி நீர் பிரியவில்லை.

தோல் கழிவு என்றதும் எல்லோரும் குரோமியத்தைச் சொல்வார்கள். அதுவும் பிரச்சினைதான். ஆனால் வயலில் பெரிய வில்லன் நம் சமையலறையில் இருக்கும் அதே உப்பு. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவி அடுக்குவார்கள். தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பு. ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, தோலை ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு இருந்தது. குரோமியத்தையாவது ரசாயனம் போட்டுப் படியவைத்து எடுத்துவிடலாம். தண்ணீரில் கரைந்த உப்பு அப்படிப் படியாது. அதை எடுக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும், மிச்சத்தை ஆவியாக்க வேண்டும், அதற்கெல்லாம் காசு வேண்டும். பல வருஷம் அந்தச் செலவை யாரும் செய்யவில்லை. தண்ணீர் ஓடைக்குப் போனது, ஓடை ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது, அங்கிருந்து கிணற்றுக்கு வந்தது.

எவ்வளவு நிலம் போனது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிரிட லாயக்கற்றதாகிவிட்டது. ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதே தீர்ப்பில்தான் வருகிறது.

எங்கள் நிலத்தில் கோடையில் போய்ப் பார்த்தால் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஆயா அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஜாஸ்திடா" என்பார். ஈ.சி. மீட்டர் எல்லாம் அவருக்குத் தேவையில்லை. அந்த மண்ணில் கத்திரி நட்டால் செத்துப்போகாது. வளரவும் வளராது. முழங்கால் உயரத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். இலை சிறுத்து, கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். ஊரில் இதற்குச் சொல்லும் வார்த்தை "செடி எழும்பல" என்பது.

நான் இத்தனை நாளும் அதை நோய் என்றே நினைத்திருந்தேன். உப்பு செடியைக் கெடுத்துவிட்டது, அதனால் வளர முடியவில்லை என்று. பாதி உண்மைதான் அது. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

ஆக்சிலேட்டரும் பிரேக்கும்

தாவர ஹார்மோன்களை மேலோட்டமாக இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், பிராசினோஸ்டீராய்டு ஆகியவை பெரும்பாலும் வளர்ச்சிப் பக்கம். அப்சிசிக் அமிலம், எத்திலீன், ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் ஆகியவை பெரும்பாலும் ஆபத்துக் காலத்து ஆட்கள். ஜாஸ்மோனிக் என்ற பெயர் மல்லிகையில் இருந்து வந்தது. புழு கடித்தால் செடி முதலில் கூப்பிடுவது அதைத்தான். "பெரும்பாலும்" என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஹார்மோன் ஒரு இடத்தில் தள்ளும், இன்னொரு இடத்தில் இழுக்கும். இருந்தாலும் நம் கதைக்கு இந்தப் பிரிவு போதும்.

ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்ட கதை அருமையானது. ஜப்பானில் நெற்பயிருக்கு ஒரு நோய் வரும். நாற்று திடீரென்று மற்றதைவிட உயரமாக, வெளிறிப்போய் வளரும். பார்க்க ஜோராக இருக்கும். அப்புறம் தாங்க முடியாமல் சாய்ந்துவிடும், கதிரும் ஒழுங்காகப் பிடிக்காது. விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் "பக்கானே", அதாவது முட்டாள் நாற்று. இதற்கு ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926இல் குரோசாவா என்ற விஞ்ஞானி காட்டினார். 1930களில் யபுதா அதைப் பிரித்தெடுத்து ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். அந்தப் பொருளைச் செடியே தனக்குத்தானே அளவாகத் தயாரித்துக்கொள்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

கவனியுங்கள். வளர்ச்சி ஹார்மோன் உலகத்துக்கு அறிமுகமானதே ஒரு நோயாகத்தான். கணக்கில்லாத வளர்ச்சி ஒரு வியாதி என்று நெல் விவசாயிக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் குட்டையானது. ஜிப்ரலின் தயாரிக்கும் ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுதுதான் அதன் குட்டைக்குக் காரணம் என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். ஜிப்ரலின் குறைந்ததால் தண்டுக்குப் போக வேண்டிய செலவு மிச்சமாகி நெல்மணிக்குப் போனது. உரம் போட்டாலும் சாயவில்லை. பசுமைப் புரட்சியின் பெரிய பங்கு, வளர்ச்சியைக் குறைத்ததால் வந்தது!

கதவை மூடும் ஆள்

இப்போது பிரேக் பக்கம் வருவோம். இங்கே கதாநாயகன் அப்சிசிக் அமிலம். 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தவர்களும், மரங்களின் மொட்டு உறங்குவதை ஆராய்ந்தவர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது ஒரே பொருளை. உதிர்தல் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இலை உதிர்வதில் முக்கியப் பங்கு எத்திலீனுக்கு. வேலை ஒருவர் செய்ய, பெயர் இன்னொருவருக்கு. எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான் :-)

இலையின் அடியில் லட்சக்கணக்கில் குட்டிக் கதவுகள் இருக்கின்றன. இலைத்துளைகள். கதவு திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும், சோறு தயாராகும். ஆனால் அதே கதவு வழியாகத் தண்ணீர் வெளியே போகும். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைச் சேர்க்க நூற்றுக்கணக்கான மூலக்கூறு தண்ணீரை இழக்க வேண்டும். இதுதான் செடியின் அடிப்படை வியாபாரம். தண்ணீரைக் கொடுத்து மாவு வாங்குவது.

மண்ணில் தண்ணீர் குறைந்தாலோ, தண்ணீர் இருந்தும் உப்பினால் அதை இழுக்க முடியாமல் போனாலோ, அப்சிசிக் அமிலம் ஏறுகிறது. சில நிமிடங்களில் கதவுகள் மூடத் தொடங்குகின்றன. அந்த உத்தரவு செல்லுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது ரொம்ப நாள் புதிராக இருந்து, 2009இல்தான் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பிடிபட்டன. கதவு மூடினால் தண்ணீர் மிச்சம். கூடவே வருமானமும் நின்றுவிடும். கையிருப்பில்தான் குடும்பம் ஓட வேண்டும். நமக்குத் தெரிந்த பாஷையில், லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை, ரொக்கம் தீர்ந்துவிடக்கூடாது என்ற முடிவு. கம்பெனிகள் நஷ்டத்தால் உடனே மூடுவதில்லை, கையில் ரொக்கம் தீர்ந்தால் மூடுகின்றன என்று ஃபைனான்ஸ் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களே, அதேதான்.

வளராதது கோளாறா, முடிவா?

நான் மிகவும் ரசித்த பரிசோதனை இது. செடிக்குள் டெல்லா என்று ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. அதன் வேலை வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவது. ஜிப்ரலின் வந்தால் டெல்லாவை அழிக்க ஏற்பாடு செய்யும், பிடி விடும், செடி வளரும். உப்பு ஏறினால் வேலை செய்யும் ஜிப்ரலின் குறையும், டெல்லா சேரும், வளர்ச்சி நிற்கும்.

இப்போது கேள்வி. டெல்லாவையே எடுத்துவிட்டால்? ஆராய்ச்சிக் கூடங்களில் எல்லோரும் பயன்படுத்தும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில் இதைச் செய்து 2006இல் வெளியிட்டார்கள். டெல்லாக்கள் இல்லாத செடிக்கு உப்பு கொடுத்தால், சாதாரணச் செடி அளவுக்கு அது வேகத்தைக் குறைக்கவில்லை. உப்பிலும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் அதிக உப்பில் செத்துப்போனவை அந்தச் செடிகள்தான் அதிகம். டெல்லா அழியாமல் நிலைத்து நிற்கும் குட்டைச் செடிகளோ அதிகமாகப் பிழைத்தன.

இதைப் படித்த அன்று எங்கள் கத்திரிச் செடிகள் மேல் எனக்கிருந்த எண்ணமே மாறிவிட்டது. முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அதில் ஒரு பகுதி உப்பு செய்த சேதம். இன்னொரு பகுதி செடி தானே எடுத்த முடிவு. இப்போது வளர்ந்தால் செத்துவிடுவேன், காத்திருக்கிறேன் என்கிறது.

இந்த முடிவு ஒரு பக்க உத்தரவு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். டார் என்று ஒரு நொதி இருக்கிறது. சத்தும் சக்தியும் இருக்கும்போது வளர்ச்சியை நடத்தும் மேனேஜர். நல்ல காலத்தில் இந்த டார், அப்சிசிக் அமிலத்தின் ஏற்பிகளில் ஒரு சின்ன முத்திரை குத்தி, அவை தேவையில்லாமல் அலாரம் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. கெட்ட காலத்தில் அப்சிசிக் அமிலத்தின் பக்கத்து ஆட்கள் டாரின் கூட்டாளிப் புரதத்தில் முத்திரை குத்தி டாரை அடக்குகிறார்கள். 2018இல் வெளியான ஆராய்ச்சி இது. ஒருவர் கையை இன்னொருவர் பிடித்திருக்கிறார். அதனால் நல்ல நாளில் வீண் பயம் கிடையாது, கெட்ட நாளில் வீண் ஆசை கிடையாது. முக்கியமாக, ஆபத்து விலகினால் அப்சிசிக் அமிலம் உடைக்கப்பட்டு வளர்ச்சி திரும்புகிறது. பிரேக் போட்ட வண்டி, பழுதான வண்டி அல்ல.

உப்புக்கு இரண்டு அடி

உப்பு செடியை இரண்டு தவணையில் அடிக்கிறது. முதல் தவணை உடனே. மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே தாகம். ஹார்மோன் பிரேக் விழுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டாம் தவணை நாட்கள், வாரங்கள் கழித்து. சோடியம் மெல்ல மேலே ஏறி, பழைய இலைகளில் சேர்ந்து விஷமாகிறது. கீழ் இலைகள் நுனி கருகி, மஞ்சளாகி உதிரும். இளம் இலைகளைக் காப்பாற்றக் கிழ இலைகள் பலி.

வேர் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு பக்கம் உப்பு அதிகமாக இருந்தால் வேர்நுனி ஆக்சினை இடம் மாற்றி வைத்து உப்பில்லாத பக்கமாக வளைந்து போகிறது. 2013இல் இதை விளக்கினார்கள். செடியால் ஓட முடியாது என்று யார் சொன்னது? ஓடுகிறது, மண்ணுக்குள், ஒரு நாளைக்கு சில மில்லிமீட்டர். ஆனால் எங்கள் நிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு.

காத்திருப்பதா, வளர்ந்து தப்பிப்பதா என்ற கேள்வி உப்பில் மட்டுமில்லை, வெள்ளத்திலும் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். வறண்ட ஆற்றைப் பார்த்தே வளர்ந்த நாங்கள் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்கப் பாலத்தில் போய் நின்றோம். நீரில் மூழ்கினால் நெல்லுக்கு இரண்டு வழி. ஆழ்நீர் நெல் வகைகள் எத்திலீன், ஜிப்ரலின் துணையோடு மளமளவென்று நீண்டு தலையை வெளியே நீட்டும். வெள்ளம் மாதக் கணக்கில் நிற்கும் ஊருக்கு அது சரி. இன்னொரு வகை, ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ போன்றது, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளராமல் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் எழும். அதற்குக் காரணமான சப்-1ஏ மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அது ஜிப்ரலினின் பேச்சைக் கேட்காமல் தடுக்க அதே டெல்லா குடும்பத்துப் புரதங்களைத்தான் பயன்படுத்துகிறது. இந்தக் குணத்தைச் சேர்த்த சுவர்ணா சப்-1 இரண்டு வாரம் வரை மூழ்கியும் பிழைக்கும். தமிழ்நாட்டில் சி.ஆர். 1009 சப்-1 இருக்கிறது. குறுகிய வெள்ளத்தில் வளர முயலும் நெல் கையிருப்பைக் கரைத்துச் சாகிறது, சும்மா இருந்த நெல் பிழைக்கிறது.

சித்தப்பாவின் பாட்டில்

இதையெல்லாம் நான் படிக்கக் காரணமே உரக்கடையில் சித்தப்பா வாங்கிவந்த ஒரு பாட்டில்தான். "வளர்ச்சி ஊக்கி" என்று போட்டு, அடியில் பொடி எழுத்தில் ஜிப்ரலிக் அமிலம் என்று இருந்தது. விலை எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

"காலேஜ்ல இன்னாடா படிக்கிற நீ? இத்த அடிச்சா செடி எழும்புமா, எழும்பாதா?" என்றார்.

"நான் படிக்கிறது காமர்ஸ் சித்தப்பா" என்று தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது உண்மையான கேள்வி. அந்தப் பணம் போனால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கும் பணமும் அதோடு போகும். அதனால் தேடிப் படித்தேன். நான் சொன்ன பதில் இதுதான்.

ஜிப்ரலின் ஏமாற்று மருந்து இல்லை. திராட்சைத் தோட்டங்களில் பழம் பெருக்க முறையாகப் பயன்படுகிறது. உப்பு மண்ணுக்கு முன் விதையைச் சரியான அளவில் ஊறவைத்தால் முளைப்பு கூடுகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. விதைக்குள் அப்சிசிக் அமிலம் தூங்கு என்கும், ஜிப்ரலின் எழுந்திரு என்கும். அங்கே ஒரு சின்ன உந்துதல் உதவலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் நின்று, பிரேக் போட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் செடிக்கு வளர்ச்சி ஊக்கியை அடிப்பது உப்பைக் குறைக்காது. கணக்குப்பிள்ளை கையில் இருக்கும் பேனாவைப் பிடுங்கி, கல்லாவில் பணம் இருப்பதாக நாமே எழுதுகிற மாதிரி. எழுதினால் பணம் வந்துவிடுமா?

"அப்ப இன்னா பண்றது?" என்றார். அதற்குப் பதில் பாட்டிலைவிடச் சலிப்பானது. முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வெறும் உப்பு என்றால் நல்ல தண்ணீரால் கழுவி வடிய விட வேண்டும். சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு களர் ஆகியிருந்தால் ஜிப்சம் போட்டு அதை விடுவித்த பிறகு கழுவ வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். மழைநீரை வரப்புக் கட்டி நிலத்திலேயே நிறுத்தலாம். நெல் என்றால் உப்பைத் தாங்கத் திருச்சியில் உருவாக்கிய டி.ஆர்.ஒய். ரகங்கள் இருக்கின்றன. கத்திரி மிதமான உப்பைக்கூடச் சிரமப்பட்டுத்தான் தாங்கும். (இந்த மண்ணின் பெருமையான வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை எங்கள் நிலத்தில் விளைவிக்க முடியாமல் கடையில் வாங்குகிறோம்.)

தென்னைக்கு மட்டும் நிலைமை வேறு. அது உப்பை ஓரளவு பொறுக்கும். ஆனால் கஷ்டம் கூடினால் குரும்பையை உதிர்த்துவிடும். வளர்க்க முடியாத பிள்ளையை ஆரம்பத்திலேயே கைவிடும் கணக்கு. வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை வேர் வழியாகக் கட்டுகிறார்களே, அதில் சத்துகளோடு ஆக்சினும் இருக்கிறது. அதனால் குரும்பை நிற்க உதவுகிறது. சத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நில் என்று சொல்வதற்கும், ஒன்றும் கொடுக்காமல் வளர் என்று அதட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

சித்தப்பா பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். கடைக்காரர் வாங்கவில்லை. பதிலுக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தக்கைப்பூண்டு விதை எடுத்து வந்தார்.

பேலன்ஸ் ஷீட்டில் இல்லாத செலவு

இப்போது என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன்.

ஒரு செடியின் வளர்ச்சி அதன் வேரைக் கெடுத்தால் அந்தச் செய்தி உடனே கணக்குக்கு வந்துவிடும். அப்சிசிக் அமிலம் ஏறும், வளர்ச்சி குறையும். தோல் ஷாப்பின் வளர்ச்சி ஆற்றைக் கெடுத்தபோது எந்தக் கணக்கிலும் வரவில்லை. தோல் வாங்கிய செலவு, உப்பு வாங்கிய செலவு, கூலி, கரண்ட் எல்லாம் எழுதினார்கள். கிணறு கெட்ட செலவு எங்கள் ஆயா கணக்கில் எழுதப்பட்டது. ஆயாவிடம் கணக்கு நோட்டு கிடையாது. புறவிளைவு என்று நம் பொருளியல் புத்தகத்தில் அரைப்பக்கம் வருமே, அது இதுதான். நாம் மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கினோம்.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமென்றால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. வேலூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லோரும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான்.

என் கண்ணுக்கு அந்தத் தீர்ப்பு ஊருக்குப் போட்ட அப்சிசிக் அமிலம். சேதத்தைச் செய்தவன் கணக்கிலேயே செலவாகக் கொண்டுவந்து எழுதியது. செடிக்கும் ஊருக்கும் ஒரு வித்தியாசம்தான். செடியில் சில நிமிடம். ஊரில் பல பத்து வருஷம். தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு என்று முடிவு செய்தது. பிற்பாடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வந்தது, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. ஆனாலும் 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்கக் குழு வேண்டும் என்று. முதல் தீர்ப்பு வந்தபோது நான் பிறக்கவே இல்லை.

"அப்ப ஷாப்பை மூடணும்னு சொல்றியா?" என்று அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இல்லை என்றேன். மூடினால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாது என்று எனக்கும் தெரியும். செடி வளர்ச்சியைக் கைவிடுவதில்லை. டாரையும் வைத்திருக்கிறது, அப்சிசிக் அமிலத்தையும் வைத்திருக்கிறது. ஒன்று மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் ரொம்ப நாள் ஆக்சிலேட்டர் மட்டும்தான் இருந்தது. பிரேக்கைச் சேர்ப்பது வண்டியை நிறுத்துவதற்கு இல்லை, ஓட்டுவதற்குத்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

2021 வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு போகம் எங்கள் கிணற்று நீர் கொஞ்சம் இளகியது. வருஷக்கணக்காக ஒன்றும் முளைக்காத வடக்கு மூலையில் புல் வந்தது. யாரும் விதைக்கவில்லை, எந்த ஊக்கியும் அடிக்கவில்லை. உப்பு குறைந்ததும் மண்ணில் கிடந்த விதைகள் தாங்களாகவே கணக்கைத் திருத்திக்கொண்டன. அடுத்த கோடையில் உப்பு திரும்ப ஏறியது, புல் போய்விட்டது. இருந்தாலும் நிலம் செத்துவிடவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆயா அந்தப் புல்லைப் பிடுங்கவே விடவில்லை.

வகுப்புத் தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம்மில் பாதிப் பேர் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் இதே ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளில் கணக்கு எழுதப்போகிறோம், சிலர் ஆடிட்டரிடம் சேரப்போகிறோம். சுத்திகரிப்புச் செலவு என்று ஒரு வரி வரும். லாபம் குறைவாகத் தெரிகிறது, அதை எங்கேயாவது குறைக்க முடியுமா என்று ஒருவர் கேட்பார். அந்த வரிதான் பிரேக். அதில் கை வைப்பதற்கு முன்னால், அதன் அடுத்த முனையில் ஒரு கத்திரிச் செடி முழங்கால் உயரத்தில் காத்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கம்பெனி சட்டம் கூப்பிடுகிறது. வருகிறேன்.